ஐநோடு இல்லாமல் போன ஃபோல்டர்கள்: டிபக்எஃப்எஸ் வைத்து ஒரு எக்ஸ்ட்4 டிஸ்க்கை மீட்ட கதை

பெரியப்பாவின் 1 டிபி யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் செருகினால் தெரிகிறது, மவுண்டும் ஆகிறது. சினிமாப் படங்கள், கல்யாண போட்டோக்கள் எல்லாம் திறக்கின்றன. ‘கொடை’ என்ற ஒரே ஒரு ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் டிஸ்க் கொஞ்ச நேரம் கரகரவென்று முனகிவிட்டு, படிக்க முடியவில்லை என்று கை விரித்துவிடுகிறது.

அந்த ஃபோல்டர்தான் முக்கியம். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடைகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், ஒலிப்பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகளை அவர் வருடக்கணக்காக உட்கார்ந்து கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி, ஆறுமுகநேரி என்று ஊருக்கு ஒரு ஃபோல்டராக மொத்தம் 15. கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு வேவ் ஃபைல். எந்த ஊர், எந்தச் சாமி, எந்த வருடம், கேசட்டின் எந்தப் பக்கம் என்பது ஃபைலின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஃபைலுக்குள் ஒரு குறிப்பும் கிடையாது. “சத்தம் கெடைச்சா மட்டும் போதாதுப்பா. பேரு போச்சுன்னா நான் திரும்ப அம்புட்டையும் உக்காந்து கேக்கணும்லா” என்றார் பெரியப்பா. 400-க்கு மேல் ஃபைல்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

இப்படி ஒரு டிஸ்க் வந்தால் எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்று உண்டு: ஈ2எஃப்எஸ்சிகே-யை ஓட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமாம் சொல்லிவிடு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கருவியின் வேலை ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கிற ஏற்பாட்டின், கணக்கை நேராக்குவது. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக எதைத் தூக்கி எறிந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பழுதான டிஸ்க்கில் ஒரு பிளாக்கை, அதாவது டிஸ்க் இடத்தின் ஒரு துண்டை, படிக்க முடியாமல் போனால், பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா என்று கேட்கும். அடுத்து, அந்த இடத்தில் வலுக்கட்டாயமாக எழுதட்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் ஆமாம் சொன்னால் படிக்க முடியாத இடத்தில் குப்பையோ பூஜ்யமோ நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகுதான் கை வைப்பது என்று முடிவு செய்தேன். பெரியப்பாவின் டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம். பார்ப்பதற்கு அந்த எக்ஸ்ட் குடும்பத்தில் இருக்கிற கருவி டிபக்எஃப்எஸ். தியடோர் சோ எழுதியது. ஈ2எஃப்எஸ்ப்ரோக்ஸ் தொகுப்போடு கூடவே வருவதால் அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும்.

முதல் வேலை, டிஸ்க்கை அப்படியே பிரதி எடுப்பது. செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கில் நேரடியாக வேலை பார்க்கக் கூடாது. பழுதான டிஸ்க்கைப் பிரதி எடுக்கிற டிடிரெஸ்க்யூவை வைத்து, முதல் சுற்றில் கஷ்டமான இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லி நல்ல இடங்களை எல்லாம் வேறொரு 2 டிபி டிஸ்க்கில் ஒரே ஃபைலாக எடுத்துக்கொண்டேன். அப்புறம் மீதி இடங்களை மட்டும் மூன்று முறை முயன்று பார்க்கச் சொன்னேன். இது கூடவே எழுதி வைக்கிற வரைபட ஃபைல் இருக்கிறதே, அதுதான் இந்த வேலைக்கு ஆதாரம். எந்த பைட்டிலிருந்து எவ்வளவு நீளம் படிக்க முடிந்தது, எது முடியவில்லை என்று வரிவரியாக ஹெக்ஸ் எண்களில் இருக்கும். படிக்க முடியாதவற்றுக்கு எதிரே கழித்தல் குறி. கடைசியில் மிஞ்சியது ஆறே ஆறு இடம், ஒவ்வொன்றும் 4096 பைட். 1 டிபியில் மொத்தம் 24 கேபி போய்விட்டது, அவ்வளவுதான். அந்த 24 கேபி எங்கே விழுந்தது என்பதுதான் பிரச்சினை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தில் இருப்பது முழு டிஸ்க்கின் பைட் எண். நமக்கு வேண்டியது பார்ட்டிஷனுக்குள் இருக்கிற பிளாக் எண். 4096-ஆல் வகுத்தால் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பிளாக் என்று கிடைக்கும். பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டாரில் தொடங்குகிறது. செக்டார் 512 பைட் என்பதால் அது சரியாக 256 பிளாக். அதைக் கழிக்க வேண்டும். உதாரணமாக 10738597888-ஆவது பைட் என்றால் வகுக்க 2621728, கழிக்க 2621472. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் இவர்தான்.

பிரதியை, ஒரு ஃபைலை டிஸ்க் போலக் காட்டுகிற லோசெட்டப் மூலம் வாசிக்க மட்டும் என்ற முறையில் இணைத்து, டிபக்எஃப்எஸ்ஸில் திறந்தேன். தானாகவே அது வாசிக்க மட்டும்தான் திறக்கும். டபிள்யூ என்ற ஸ்விட்ச்சைக் கொடுத்தால்தான் எழுதவே விடும். இது ஒரு நல்ல பழக்கம். உள்ளே போனால் அதற்கென்று ஒரு தனி முனையம். எல்எஸ், சிடி, கேட் என்று ஷெல்லில் இருப்பது போலவே கட்டளைகள் உண்டு, ஆனால் எதுவும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழியாகப் போகாது. டிஸ்க்கில் இருக்கிற பைட்டுகளை அது தானே படித்துக் காட்டுகிறது. அதனால்தான் மவுண்ட் ஆகாத, பாதி செத்த ஃபைல் சிஸ்டத்திலும் உலவ முடிகிறது.

முதலில் ஸ்டாட்ஸ் கட்டளை. பிளாக் 4096 பைட், ஒரு குரூப்புக்கு 32768 பிளாக், அதாவது 128 எம்பி. ஒரு குரூப்புக்கு 8192 ஐநோடு, ஒரு ஐநோடு 256 பைட். ஐநோடு என்பது ஒரு ஃபைலின் அல்லது ஃபோல்டரின் அளவு, அனுமதி, அதன் பிளாக்குகள் இருக்கிற இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கிற பதிவு; பெயர் மட்டும் அதில் இருக்காது. உபுண்டு 14.04 காலத்தில் ஃபார்மேட் செய்த டிஸ்க், அதனால் ஃபைல் சிஸ்டத்தின் சொந்தக் குறிப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிற மெட்டாடேட்டா செக்சம் என்கிற வசதி இல்லை. அது ஈ2எஃப்எஸ்ப்ரோக்ஸ் 1.43-இல் இருந்துதான், 2016-இல், தானாகச் சேர ஆரம்பித்தது. இது எனக்குச் சாதகம்: செக்சம் இருந்திருந்தால், கையால் கட்டுகிற ஒவ்வொன்றும் அதோடு ஒத்துப்போகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஐசெக். பிளாக் எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஐநோடுக்குச் சொந்தம் என்று சொல்லும். ஆறு எண்ணையும் ஒரே வரியில் கொடுத்தேன். 1 டிபி டிஸ்க்கில் எல்லா ஐநோடுகளையும் புரட்டிப் பார்க்கிறது என்பதால் நேரம் எடுக்கும். டீ போட்டுவிட்டு வரலாம். வந்து பார்த்தால் விடை இது. 2990417, 2990418, 2990419 ஆகிய மூன்றும் 655381 என்ற ஐநோடுக்குச் சொந்தம். மற்ற மூன்றுக்கும் பிளாக் கிடைக்கவில்லை என்று பதில்.

சொந்தக்காரர் இல்லை என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். காலி இடமாக இருக்கலாம், அல்லது எந்த ஃபைலுக்கும் சேராத ஃபைல் சிஸ்டத்தின் சொந்தக் கணக்குப் புத்தகமாக இருக்கலாம். டெஸ்ட்பி கட்டளை இரண்டையும் பிரித்துக் காட்டும். இரண்டு பிளாக்குகள் பயன்பாட்டில் இல்லை, தொல்லை இல்லை. 2621472 மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எந்த ஐநோடுக்கும் சொந்தமில்லை. சரி, மாட்டிக்கொண்டது என்று புரிந்தது.

அதற்கு முன் 655381 யார் என்று பார்க்கலாம் என்று என்செக் போட்டேன். ஐநோடு எண்ணைக் கொடுத்தால் ஃபைலின் முழுப் பாதையைச் சொல்ல வேண்டிய கட்டளை. தலைப்பு வரி மட்டும் வந்தது, கீழே ஒன்றுமில்லை. ஐநோடு இருக்கிறதா என்று ஸ்டாட் போட்டால் கல்லு மாதிரி இருக்கிறது: சாதாரண ஃபைல், அளவு 31 கோடிப் பைட்டுக்கு மேல், பிளாக்குகள் எல்லாம் வரிசையாக. டம்ப் கட்டளைக்கு ஐநோடு எண்ணைக் கோண அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் பெயரே தேவையில்லை, உள்ளடக்கத்தை வெளியே எடுத்துத் தந்துவிடும். எடுத்துப் போட்டுக் கேட்டேன். வில்லுப்பாட்டேதான். ஆள் இருக்கிறார், பெயர் இல்லை.

காரணம் ஸ்டாட்ஸ் வெளியீட்டின் பின்பகுதியில் இருந்தது. 80-ஆவது குரூப்பின் ஐநோடு அட்டவணை 2621472-இல் தொடங்குகிறது. போனது அந்த அட்டவணையின் முதல் பிளாக். 4096-ஐ 256-ஆல் வகுத்தால் 16 ஐநோடுகள். 655361-இல் இருந்து 655376 வரை. வேரில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஃபோல்டரில், இருக்கிற ஃபோல்டர்களைப் பட்டியலிட்டால் ‘கொடை’க்கு எதிரே 655361 என்று இருக்கிறது. அந்த ஐநோடை ஸ்டாட் போட்டுப் பார்த்தால் வகை தெரியவில்லை, மோடு 0, அளவு 0, எல்லாம் பூஜ்யம். டிடிரெஸ்க்யூ படிக்க முடியாத இடத்தில் பிரதியில் பூஜ்யம்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் டெஸ்ட்ஐ கட்டளை அதே ஐநோடு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்கிறது. எது பயன்பாட்டில் இருக்கிறது, எது காலி என்று மட்டும் குறித்து வைக்கிற பிட்மேப்பைப் பார்த்து அது சொல்கிறது; பிட்மேப் வேறு பிளாக்கில் பத்திரமாக இருக்கிறது.

மீதி 15 ஐநோடுகள் யாருடையவை? பெரியப்பாவிடம் கேட்டபோது தெளிவானது. கேசட்டை மாற்ற உட்காருவதற்கு முன்பே ஊர்ப் பட்டியலை எழுதி, 15 ஃபோல்டரையும் ஒரே மூச்சில் உருவாக்கி வைத்துவிட்டாராம். எக்ஸ்ட்4 ஒரு ஃபோல்டருக்குள் உருவாகிறவற்றுக்கு முடிந்தவரை அதே குரூப்பில் அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. ஆக, 655361 ‘கொடை’, 655362 முதல் 655376 வரை ஊர் ஃபோல்டர்கள். ஃபைல்கள் 655377-இல் இருந்து, அதாவது அடுத்த பிளாக்கில் இருந்து. இது பெரிய அதிர்ஷ்டம். கேசட் வர வர ஃபோல்டர் போட்டிருந்தால் அந்தப் பதினாறில் பாதி ஃபைல்களாக இருந்திருக்கும். ஃபைலின் ஐநோடு போனால் அதன் பிளாக்குகள் எங்கே என்கிற விவரமும் போச்சு. இங்கே போனது ஃபோல்டர்கள் மட்டும். ஃபோல்டரின் ஐநோடு போனாலும் அதன் டேட்டா பிளாக், அதாவது பெயர்ப் பட்டியல், டிஸ்க்கில் வேறெங்கோ இருக்கத்தான் செய்யும்.

எதையும் மாற்றாத முறையில் ஈ2எஃப்எஸ்சிகே-யைப் பிரதி மேல் ஓட்டி, அது என்ன செய்திருக்கும் என்று பார்த்தேன். ‘கொடை’ என்ற பதிவு பயன்பாட்டில் இல்லாத ஐநோடைச் சுட்டுகிறது, அழிக்கட்டுமா? அப்புறம் நூற்றுக்கணக்கில்: 655377 எதிலும் இணையவில்லை, லாஸ்ட்+ஃபவுண்டில் போடட்டுமா? ஆமாம் என்று சொல்லியிருந்தால் 400 ஃபைலும் பிழைத்திருக்கும், எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு. பெயர்கள் இருக்கிற பிளாக்குகளை யாரும் உரிமை கோராததால் அவை காலி என்று குறிக்கப்பட்டு, அடுத்து எதையாவது எழுதும்போது அழிந்திருக்கும்.

கையால் கட்டுவதற்கு முன் ஒரு குறுக்குவழி உண்டு. ஜர்னலில் பழைய பிரதி கிடைக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸ்ட்4 ஒரு ஐநோடை மாற்றும்போது அது இருக்கிற பிளாக் முழுவதையும் முதலில் ஜர்னலில் எழுதுகிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தால்கூட, கடைசியாகப் பார்த்த நேரம் மாறுவதால், அந்த பிளாக் ஜர்னலுக்குப் போக வாய்ப்பு உண்டு. லாக்டம்ப் கட்டளைக்கு பிளாக் எண்ணைக் கொடுத்து, ஏற்கெனவே முடிந்துபோன பழைய பதிவுகளையும் காட்டச் சொல்கிற ஓ ஸ்விட்ச்சையும் போட்டுத் தேடினேன். கிடைத்திருந்தால் அந்த பிளாக்கை அப்படியே தூக்கி 2621472-இல் வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். கிடைக்கவில்லை. ஜர்னல் ஒரு வட்டம்; 128 எம்பிதான். பெரியப்பாவின் பேரன் அண்மையில் ஏகப்பட்ட படங்களை அதில் ஏற்றியிருக்கிறான், ஜர்னல் பல சுற்று சுற்றிவிட்டது.

சரி, பெயர்ப் பட்டியல் பிளாக்கைத் தேடுவோம். ஒரு ஃபோல்டரின் முதல் பிளாக்கில் முதல் இரண்டு பதிவுகள் எப்போதும் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும்தான். ஒற்றைப் புள்ளியில் அந்த ஃபோல்டரின் சொந்த ஐநோடு எண், இரட்டைப் புள்ளியில் தாய் ஃபோல்டரின் எண். ஆக, தொலைந்த ஃபோல்டர் ஒவ்வொன்றும் தன் எண்ணைத் தன் பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறது. 655361 என்ற எண் டிஸ்க்கில், மதிப்பில் சின்ன பைட் முதலாக, 1, 0, 10, 0 என்று நான்கு பைட்டாக இருக்கும். அடுத்து பதிவின் நீளம் 12, 0. பெயரின் நீளம் 1. வகை 2, அதாவது ஃபோல்டர். அப்புறம் புள்ளிக்கான 46, மூன்று பூஜ்யம். இந்த 12 பைட் வரிசை ஒரு பிளாக்கின் தொடக்கத்தில் தற்செயலாக வர வாய்ப்பே இல்லை.

முழுப் பிரதியிலும் தேடலாம், ஆனால் 1 டிபி. எங்கே இருக்கும் என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. இப்போதைய எக்ஸ்ட்4 16 குரூப்புகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அவற்றின் பிட்மேப்புகளையும் ஐநோடு அட்டவணைகளையும் கட்டின் முதல் குரூப்பில் ஒன்றாக வைக்கிறது. 80-ஆவது குரூப் அப்படி ஒரு கட்டின் தலை. 2621440-இல் தொடங்குகிறது, 16 பிளாக் பிட்மேப், 16 ஐநோடு பிட்மேப், பிறகு 16 அட்டவணைகள், ஒவ்வொன்றும் 512 பிளாக். எல்லாம் முடிவது 2629663-இல். அதோடு, கெர்னல் சாதாரண ஃபைல்களின் டேட்டாவை இரண்டாவது குரூப்பிலிருந்துதான் வைக்கப் பார்க்கும். முதல் குரூப்பின் மீதி இடத்தைப் ஃபோல்டர்களுக்கென்று விட்டுவைக்கும். எனவே முதல் ஃபோல்டரின் பட்டியல் 2629664-இல் இருக்க வேண்டும்.

பிடி கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். பிளாக்கின் உள்ளடக்கத்தை ஹெக்ஸில் காட்டுகிற கட்டளை. முதல் வரியிலேயே 655361, அடுத்து வேரின் எண்ணான 2. அப்போது வந்த சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இங்கே தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஹெக்ஸ் வெளியீட்டின் வலது பக்கத்தில் எழுத்துகளைக் காட்டுகிற பத்தி இருக்கும் அல்லவா, அதில் ஆங்கிலப் பெயர் என்றால் பளிச்சென்று தெரியும். நம் பெயர்கள் வெறும் புள்ளி வரிசையாகத்தான் தெரியும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இடது பக்கத்தில் இந்த ஜோடி மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தமிழ் இருக்கிறது என்று அர்த்தம். பைனரி ஃபைலில் எழுத்துகளைத் தேட எல்லோரும் பயன்படுத்துகிற ஸ்ட்ரிங்ஸ் கட்டளையும் அதன் வழக்கமான அமைப்பில் தமிழைக் கண்டுகொள்ளாது. கிரெப்பை பைனரியையும் எழுத்தாகக் கொள்ளச் சொல்லி, ‘பணகுடி’ என்று தமிழிலேயே கொடுத்தால் கண்டுபிடித்துத் தரும். எனக்கு அதை வைத்தும் ஒருமுறை உறுதி செய்துகொள்ள முடிந்தது.

முதல் பட்டியலில் 15 ஊர்ப் பெயர்களும் அவற்றின் ஐநோடு எண்களும் இருந்தன. அடுத்த பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: 2629665-இல் 655362, 2629666-இல் 655363, இப்படியே 2629679 வரை. எல்லாவற்றிலும் இரட்டைப் புள்ளிக்கு எதிரே 655361. ஒரே மூச்சில் உருவாக்கியதால் வரிசை கலையவே இல்லை. இருந்தாலும் பதினைந்தையும் திறந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டேன்; வரிசையாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதுகிற இடம் இல்லை இது.

இனி எழுதுகிற வேலை. இணைப்பை எழுதும் முறைக்கு மாற்றி, டிபக்எஃப்எஸ்ஸை டபிள்யூ ஸ்விட்ச்சோடும், கூடவே இசட் ஸ்விட்ச்சில் ஒரு ஃபைல் பெயரோடும் திறந்தேன். இசட் என்பது அன்டூ ஃபைல். மாற்றப்படுகிற ஒவ்வொரு பிளாக்கின் பழைய உள்ளடக்கமும் அதில் சேரும். சொதப்பினால் ஈ2அன்டூ என்ற கருவி எல்லாவற்றையும் பின்னுக்குத் திருப்பிவிடும். 1 டிபி பிரதியை இன்னொரு பிரதி எடுக்க இடம் இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

ஐநோடின் ஒவ்வொரு புலத்தையும் மாற்ற எஸ்ஐஎஃப் என்ற கட்டளை. ஐநோடு எண், புலத்தின் பெயர், மதிப்பு. ‘கொடை’க்கு நான் கொடுத்தவை: மோடு 040755, எண்மத்தில், முன்னால் பூஜ்யத்தோடு. 04 என்பது ஃபோல்டர் என்று சொல்கிறது, 755 அனுமதி. உரிமையாளர், குழு 1000. அளவு 4096. பிளாக்ஸ் 8, ஏனென்றால் அந்தப் புலம் 512 பைட்டில் எண்ணுகிறது. இணைப்பு எண்ணிக்கை 17: தாய் ஃபோல்டரில் இருக்கிற பெயர் ஒன்று, சொந்த ஒற்றைப் புள்ளி ஒன்று, 15 உள் ஃபோல்டர்களின் இரட்டைப் புள்ளிகள். இறுதியாக பிளாக் வரிசையின் பூஜ்யமாவது இடத்தில் 2629664.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எக்ஸ்ட்4 இப்போது பிளாக்குகளை எக்ஸ்டென்ட் முறையில், அதாவது தொடர்ச்சியான பிளாக்குகளைத் தொடக்கமும் நீளமுமாக, குறிக்கிறது. ஐநோடுக்குள் இதற்கென்று இருக்கிற 60 பைட்டில் 12 பைட் தலைப்பு, 12 பைட் வீதம் நான்கு எக்ஸ்டென்ட். தலைப்பில் 62218 என்ற மந்திர எண் முதல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அதைக் கையால் கட்டலாம், ஆனால் தேவையில்லை. அதே 60 பைட்டை எக்ஸ்ட்2 காலத்து முறையில் நான்கு பைட் வீதம் 15 இடங்களாகவும் படிக்கலாம். முதல் 12 இடங்கள் நேரடி பிளாக் எண்கள். ஐநோடின் கொடிகளில் (ஃப்ளாக்) எக்ஸ்டென்ட் கொடி இல்லை என்றால் எக்ஸ்ட்4 பழைய முறையிலேயே படித்துக்கொள்ளும். கொடிகள் ஏற்கெனவே பூஜ்யம். அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு எல்எஸ் போட்டேன். 15 ஊர்களும் வரிசையாக வந்து நின்றன. அதற்குப் பிறகு மீதி 15 ஐநோடுகளுக்கான கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி, எஃப் ஸ்விட்ச் மூலம் ஒரே ஓட்டத்தில் கொடுத்தேன். இவற்றுக்கு இணைப்பு எண்ணிக்கை 2. நேரப் புலங்களுக்கு அன்றைய தேதியைக் கொடுத்தேன். ஃபோல்டர்களின் பழைய தேதி அந்த பிளாக்கோடு போனது போனதுதான். ஃபைல்களின் தேதிகள் அவற்றின் சொந்த ஐநோடுகளில் இருப்பதால் பத்திரம்.

பிட்மேப்பில் குறிக்கிற செட்ஐ கட்டளை வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே குறித்துத்தான் இருந்தது. பிட்மேப்பும் போயிருந்தால் அதையும் செய்ய வேண்டும்.

மறுபடி ஈ2எஃப்எஸ்சிகே, மாற்றாத முறையில். நூற்றுக்கணக்கான புகார்கள் அறுபது சொச்சமாகக் குறைந்திருந்தன. இணையாத ஐநோடுகள்தான், எல்லாம் அடுத்தடுத்த எண்கள். ஏதோ ஒரே ஊர் முழுவதும் விட்டுப்போயிருக்கிறது. டிபக்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபோல்டராகப் பட்டியலிட்டதில் ஆள் அகப்பட்டது: வள்ளியூர். பட்டியலில் புள்ளிகள் இரண்டைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த பிளாக்கை மறுபடி பிடி போட்டுப் பார்த்தால் இரட்டைப் புள்ளியின் பதிவு நீளம் 12 இல்லை, 4084. அதாவது மீதி பிளாக் முழுவதையும் அதுவே விழுங்கியிருக்கிறது. காலி ஃபோல்டரிலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் காலி என்றால் அதற்குப் பின் எல்லாம் பூஜ்யமாக இருக்கும். இங்கே சில எண்கள் இருந்தன. 508, 2. பார்த்ததும் புரிந்தது, இது எச்ட்ரீ. ஃபோல்டர் ஒரு பிளாக்குக்குள் அடங்காமல் போகும்போது எக்ஸ்ட்4 முதல் பிளாக்கைத் தேடல் அட்டவணையாக மாற்றிவிட்டு, பெயர்களை வேறு பிளாக்குகளுக்கு நகர்த்துகிறது. 508 என்பது எத்தனை பதிவுக்கு இடம் உண்டு என்பது, 2 என்பது இப்போது எத்தனை இருக்கின்றன என்பது. ஆக, பெயர்கள் இரண்டு பிளாக்கில் பிரிந்து கிடக்கின்றன.

ஏன் வள்ளியூர் மட்டும்? தமிழ்ப் பெயர்களின் நீளம்தான் காரணம். ‘பணகுடி_சுடலைமாடன்_கொடை_1994_அ’ என்று ஒரு பெயர், கடைசியில் வேவ் நீட்சி. கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது, ஆனால் 75 பைட். பதிவின் தலைப்பு 8 பைட் சேர்த்து, நான்கின் மடங்காக்கினால் 84. ஒரு பிளாக்கில் சுமார் 48 பெயர்தான் கொள்ளும். வள்ளியூரில் அதற்கு மேல் இருந்தது.

அட்டவணையில் அந்த இரண்டு பிளாக்குகளின் எண் இருக்கிறது, ஆனால் அது ஃபோல்டருக்குள் எத்தனையாவது பிளாக் என்கிற எண்: 1, 2. டிஸ்க்கில் எங்கே என்பது தொலைந்த ஐநோடில் மட்டும்தான் இருந்தது. பெயர்கள் இருக்கிற இந்த இலை பிளாக்குகளில் ஒற்றைப் புள்ளிப் பதிவும் கிடையாது, அதனால் பழைய தேடல் உதவாது. ஆனால் இடம் தெரியும்: இதே முதல் குரூப்பில், 15 ஃபோல்டர்களும் உருவான பிறகு வாங்கியவை. 2629680-ஐப் பார்த்தேன், பெயர்கள், எல்லாம் வள்ளியூர் என்று தொடங்குகின்றன. 2629681, அதுவும் அப்படியே. இரண்டுக்கும் ஐசெக்கில் சொந்தக்காரர் இல்லை, டெஸ்ட்பியில் பயன்பாட்டில் இருக்கின்றன. பதிவுகளில் இருக்கிற ஐநோடு எண்கள் அந்த அறுபது சொச்சத்தோடு ஒத்துப்போயின.

வள்ளியூரின் ஐநோடில் பிளாக் வரிசையின் 1, 2 ஆகிய இடங்களில் இந்த எண்களைப் போட்டு, அளவை 12288 ஆகவும் பிளாக்ஸை 24 ஆகவும் மாற்றினேன். எச்ட்ரீ கொடியைப் போடவில்லை. இதுதான் எச்ட்ரீயை வடிவமைத்தவர்களின் சாமர்த்தியம்: அட்டவணை இரட்டைப் புள்ளிப் பதிவின் வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதால், எச்ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாத பழைய நிரலுக்கும் அது ஒரு சாதாரண ஃபோல்டராகத்தான் தெரியும். கொடி இல்லை என்றால் முதல் பிளாக்கில் இரண்டு புள்ளிகள், அடுத்த இரண்டில் பெயர்கள் என்று நேராகப் படித்துக்கொண்டு போய்விடும். எந்த இலை முதலில் என்ற வரிசைகூட முக்கியமில்லை.

அடுத்த சோதனையில் இணையாத ஐநோடு ஒன்றுகூட இல்லை. என்செக் 655381 என்று மறுபடி கேட்டேன். இந்த முறை முழுப் பாதையும் வந்தது, பணகுடிக் கேசட்களில் ஒன்றின் இரண்டாம் பக்கம். அதன் பிறகுதான் ஈ2எஃப்எஸ்சிகே-யை எழுதும் முறையில், ஃபோல்டர் அட்டவணைகளைப் புதிதாகக் கட்டுகிற டி ஸ்விட்ச்சோடு ஓட்டினேன். வள்ளியூருக்கு அது புது எச்ட்ரீ போட்டுக் கொடுத்தது. வாசிக்க மட்டும் மவுண்ட் செய்து, எல்லாவற்றையும் ஆர்சிங்க் மூலம் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். கையால் கட்டிய ஐநோடுகள் உள்ள ஃபைல் சிஸ்டத்தை அன்றாடப் பயன்பாட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. புது டிஸ்க்கில் ஈ2இமேஜ் வைத்து மெட்டாடேட்டாவை மட்டும் தனி ஃபைலாக எடுத்துப் பெரியப்பாவின் கணினியிலும் போட்டிருக்கிறேன்.

அந்தப் பணகுடிப் பக்கத்தில் மூன்று பிளாக் போனதை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டீரியோ, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 176400 பைட். 12288 பைட் என்பது வினாடியில் நூற்றில் ஏழு பங்கு. எந்த இடம் என்று கணக்குப் போட்டுப் பெரியப்பாவிடம் சொன்னேன். ஹெட்போன் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு டப் சத்தம் கேட்கிறது, பக்கத்தில் இருக்கிற குடத்தின் அடியை எடுத்து அங்கே ஒட்டிவிடலாம் என்கிறார். கேசட் இன்னும் பரணில் இருக்கிறது என்பதால் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய டிஸ்க் முழுவதிலும் பூஜ்யத்தை எழுதினேன். எழுதும்போதுதான் டிஸ்க் மோசமான செக்டார்களுக்கு மாற்று இடம் ஒதுக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் காத்திருக்கும் செக்டார் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பேரன் படம் ஏற்ற அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். படம் தவிர வேறு எதையும் அதில் போடக் கூடாது என்று மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன்.